மலை சரியும் முனை

புஜைராவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற எண்ணெய்க் கப்பல் ஒன்று கண்ணிவெடியில் மோதிவிட்டது என்ற செய்தி வந்தபோது அரியரத்தினம் மதியச் சோற்றில் கை வைத்திருந்தார். கண்ணிவெடி என்ற சொல் அவருக்குப் பழக்கமானதுதான். யாழ்ப்பாணத்தில் அது தார் ரோட்டுக்குக் கீழே புதைக்கிற சாமான். கடலிலும் அப்படி ஒன்று மிதந்து வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

அது 1987 ஆகஸ்ட் மாதம். வளைகுடாவுக்குள் ஈரானும் ஈராக்கும் போகிற வருகிற கப்பல்களை அடித்துக்கொண்டிருந்தன. உள்ளே போகப் பயந்த கப்பல்களெல்லாம் ஹோர்முஸ் நீரிணைக்கு வெளியே, புஜைராக் கடலில் கூட்டமாக வந்து நின்றன. சண்டை இங்கே எட்டாது என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும். அந்தக் கப்பல்களுக்கு இறைச்சியும் காய்கறியும் தபாலும் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் அரியரத்தினம் வாட்டர் கிளார்க். பெயர்தான் கிளார்க். வேலை, நாள் முழுக்க லாஞ்சில் போய்க் கப்பல் கப்பலாக ஏறி இறங்குவது.

நாற்பத்து நான்கு வயது. மனைவி கமலேஸ்வரியும் மகள் செல்லமும் யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருந்தார்கள். பக்கத்து வளவு வீட்டில் கமலேஸ்வரியின் தம்பி ஏரம்பு. அவன் இருக்கிற தைரியத்தில்தான் அரியரத்தினம் இத்தனை வருடம் கடல் கடந்து கிடந்தார்.

மறுநாள் மானேஜர் வெங்கட்ராமன் அவரைக் கூப்பிட்டார். மெட்ராஸ்காரர், மனைவி ஜலஜாவோடு புஜைராவில் இருப்பவர், யாரையும் சத்தம் போட்டுப் பேசாதவர்.

"அரியரத்தினம், நாளைக்குக் காலைல நார்வேக்காரர் உங்க லாஞ்ச்ல வர்றார். ஒரு கப்பலோட அடிப்பக்கத்தைப் பார்க்கணுமாம்."

"சேர், அந்த வெடியள் எல்லாத்தையும் எடுத்து முடிச்சிட்டினமே?"

"எடுத்துக்கிட்டு இருக்காங்க." வெங்கட்ராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு மட்டும் பயம் இல்லேன்னு நினைக்கிறீங்களா? ஜலஜா நேத்துலேர்ந்து ஊருக்கே போயிடலாம்னு சொல்லிட்டிருக்கா. ஆனா லாஞ்ச் போகலேன்னா கம்பெனி இல்லை. கம்பெனி இல்லேன்னா நம்ம ரெண்டு பேருக்கும் விசா இல்லை."

விசா இல்லையென்றால் வெங்கட்ராமனுக்கு மெட்ராஸ். அரியரத்தினத்துக்குக் கொழும்பு விமான நிலையம், அங்கே நிற்கிற ஆமிக்காரன், அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் அவன் கேட்கிற கேள்விகள். காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

நார்வேக்காரரின் பெயர் ஹால்வர் ஸ்க்ரேட்நெஸ். முன்பு கப்பல் கப்டன். இப்போது அடிபட்ட கப்பல்களைச் சோதித்து அறிக்கை எழுதுகிற சர்வேயர். நெடிய மனிதர். வெயிலில் கழுத்து மட்டும் செங்கல் நிறத்துக்கு வெந்திருக்கும். அவருடைய குடும்பப் பெயரை அந்த ஊரில் யாராலும் சொல்ல முடியவில்லை. வெங்கட்ராமன் மிஸ்டர் ஹால்வர் என்று சமாளித்தார். லாஞ்ச் ஓட்டுகிற மலையாளி, வடகரை மூசா, கப்பித்தான் என்று முடித்துக்கொண்டார். நார்வேக்காரரும் பதிலுக்கு அரியரத்தினத்தை 'மிஸ்டர் சின்னத்தம்பி' என்றுதான் கூப்பிடுவார். பாஸ்போர்ட்டில் முன்னால் இருந்தது அப்பாவின் பெயர். அரியரத்தினம் ஒரு தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். செத்துப்போன அப்பாவை நாலு பேர் நாள்தோறும் கூப்பிடுவதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில், கடைசிக் கப்பலும் பின்னால் போனபிறகு, எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

மூசா பலகையைத் தூக்கிப் பார்த்தார். டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. "டீசல்ல வெள்ளம் கேறி. கொஞ்சம் நேரம் எடுக்கும் பாயி."

கையில் இருந்த வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும் வந்தது. லாஞ்ச் மெதுவாகத் திரும்பி, பக்கவாட்டில், வடக்கே நகரத் தொடங்கியது. நீரோட்டம் அப்படி. எண்ணெய்க் கப்பல் அடிபட்ட இடமும் வடக்கேதான் இருந்தது. மூன்று பேருக்கும் அது தெரியும். 

எஞ்சின் ஓடும்போது வராத பயம் அந்த அமைதியில் வந்தது. பலகையில் தண்ணீர் மோதுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அரியரத்தினம் திரும்பிப் பார்த்தார். காலுக்குக் கீழே அரை சாண் மரம். அதற்குக் கீழே எது வந்து முட்டினாலும் தெரியாது. அவர் தன்னை அறியாமலே இரண்டு காலையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கப்டனைப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதர் லாஞ்சின் முன்பக்கத்தில் முழங்காலில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அதைக் கண்டதும் அரியரத்தினத்துக்குத் தன் பயம் இரட்டிப்பானது.

"ஏதாவது பேசுங்கள், மிஸ்டர் சின்னத்தம்பி," என்றார் கப்டன், திரும்பாமலே. அவருடைய ஆங்கிலம் எப்போதும் மெதுவாக வரும். அன்று இன்னும் மெதுவாக வந்தது. "பேசாமல் இருந்தால் என்னால் முடியாது."

என்ன பேசுவது? வாயில் முதலில் வந்ததை அரியரத்தினம் கேட்டார். "உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?"

கப்டன் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மலை சரிகிற முனை," என்றார்.

அந்த நாளில் அவர்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதாம். உங்களைப் போலத்தான், அப்பா பெயர்தான் என்றார். 'பேர்' என்ற ஆளுடைய மகன் ஊலா, அந்த ஊலாவுடைய மகன் மறுபடி 'பேர்'. அதற்குப் பின்னால், குடியிருக்கிற பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் பெயரும் மாறும். பெயர் மண்ணுக்குச் சொந்தம். ஆள் அதில் கொஞ்சக் காலம் தங்கிவிட்டுப் போவான். அவருடைய முன்னோர் இருந்த பண்ணை, நாட்டின் மேற்கே, இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ளே வந்த கடலின் ஓரத்தில், தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன முனை. மேலே செங்குத்தாக மலை. எப்போதோ ஒரு காலத்தில் மலை சரிந்து விழுந்துதான் அந்த முனையே உண்டானது. அதைக் கண்டவர்கள் அதற்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். பிறகு வந்தவர்கள் புல் வெட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், பெயரைத் தினமும் சொன்னார்கள். அது என்ன சொல்கிறது என்று யாரும் காது கொடுக்கவில்லை.

"என் தாத்தா ஊலாவுக்கு ஒரு நாள் அது காதில் விழுந்துவிட்டது," என்றார் கப்டன். "ஆடு தேடி மேலே போனவர் பாறையில் ஒரு வெடிப்பைக் கண்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கட்டை அடித்து ஒரு கயிற்றைத் தொய்வாகக் கட்டிவிட்டு வந்தார். பனி கரைந்து மறுபடி போனபோது கயிறு—"

கப்டன் நிறுத்தினார். அவருடைய கை மெல்ல உயர்ந்து தண்ணீரைக் காட்டியது.

கறுப்பாக, உருண்டையாக ஒன்று. தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதிலிருந்து குச்சி குச்சியாக நாலு கொம்புகள் வானத்தைப் பார்த்து நின்றன. துறைமுகத்துச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைப் படத்தில் இருந்ததைப் போலவே இருந்தது. அது அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அல்லது அவர்கள் அதைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"கொம்பில் படக் கூடாது," என்று கப்டன் மூச்சுக்குள் சொன்னார். "யாரும் அசையாதீர்கள்."

மூசா எஞ்சின் குழியிலிருந்து தலையைத் தூக்கினார். அவருடைய உதடுகள் கலிமாவைச் சொல்லத் தொடங்கின. லாஞ்சில் நீண்ட மூங்கில் ஒன்று கிடந்தது. அதை எடுத்துத் தள்ளலாமா என்று அரியரத்தினம் நினைத்தார். தள்ளினால் வெடிக்குமா, தள்ளாவிட்டால் வெடிக்குமா? கை மூங்கில் வரைக்கும் போய் அங்கேயே மரத்துவிட்டது. கமலேஸ்வரியின் முகத்தை நினைக்கப் பார்த்தார். வரவில்லை. இடுப்பில் உள்ள பெல்ட்டின் இறுக்கம் மட்டும் தெரிந்தது.

முதலில் வந்தது நாற்றம். பிறகு ஒரு சின்ன அலை அதைப் புரட்டியது. ஆடு. கால்நடைக் கப்பலிலிருந்து செத்ததென்று தூக்கிப் போட்ட செம்மறியாடு. ஊதிப் பெருத்து, நாலு காலையும் விறைத்து மேலே நீட்டிக்கொண்டு, லாஞ்சின் பக்கத்தில் உரசிவிட்டுப் போனது.

மூசா சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியாமல் சிரித்தார். அரியரத்தினத்துக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. கப்டன் மட்டும் விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து கதையை எடுத்தார். "கயிறு பிடில் தந்தி போல இழுபட்டு நின்றது. வெடிப்பு அகன்றுவிட்டது. கீழே வந்து சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நிற்கிற மலை, உனக்காக விழுமா என்றார்கள். அவருடைய சொந்த அண்ணன் ஆண்டர்ஸ்தான் அதிகம் சிரித்தவர்."

"உங்கள் தாத்தாவுக்கு அது விழும் என்று எப்படித் தெரியும்?"

"தெரியாது. அவருக்குப் பயம், அவ்வளவுதான். மனைவியையும் ஒரு பெட்டியையும் படகில் ஏற்றிக்கொண்டு வடகோடிக்குப் போனார். அங்கே மீன் பிடித்தார். மலை விழவில்லை. அடுத்த வருடமும் விழவில்லை. மேற்கிலிருந்து ஓடி வந்த கோழை என்று வடக்கிலும் கேலி செய்தார்கள். அதற்கடுத்த குளிர்காலத்தில் விழுந்தது. பாறை கடலில் விழ, கடல் எழுந்து வந்து முனையில் இருந்த எல்லா வீட்டையும் கொண்டுபோனது. ஆண்டர்ஸையும்."

பிறகு வடக்கேயும் நிலைக்கவில்லை என்றார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் பின்வாங்கும்போது அந்தக் கரை முழுவதையும் கொளுத்திக்கொண்டு போனார்கள். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். படகில் ஏறுவதற்கு முன் அம்மா வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாளாம். எரிக்கப் போகிற வீடு என்று தெரிந்தும். அங்கிருந்து தெற்கே பெர்கனுக்கு. பெர்கனிலிருந்து அவர் கப்பலுக்கு. தாத்தாவின் தம்பி ஒருவர் அமெரிக்கா போனவர். அங்குள்ளவர்களுக்கு வாயில் நுழையவில்லை என்று பெயரின் முன்பாதியை வெட்டிவிட்டார். அவர் பிள்ளைகளின் பெயரில் முனை மட்டும் மிச்சம் இருக்கிறது. மலை சரிவது இல்லை.

சாயங்காலம் ஆகும் முன்பே வேறொரு லாஞ்ச் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தது.

ரூமுக்கு வந்தபோது கட்டிலில் ஒரு கேசட் கிடந்தது. ஊரிலிருந்து துபாய்க்கு வந்த யாரோ கொடுத்துவிட்டது. டேப்பில் போட்டுக் கேட்டார். ஏரம்புவின் குரல் துள்ளியது. இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இந்தியன் ஆமி வந்து நிற்கிறது, இயக்கப் பெடியள் ஆயுதங்களைக் கொடுக்கிறார்கள், இனிச் சண்டை இல்லை, லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள் அத்தான். பின்னால் செல்லம் ஒரு தேவாரம் பாடினாள். கமலேஸ்வரி, சுகமாக இருக்கிறோம், ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்றாள்.

ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம் என்ற அந்தச் சொல்லை அரியரத்தினம் இரண்டு தரம் திருப்பிப் போட்டுக் கேட்டார். கடலில் ஆட்டைக் கண்டு சிரித்த நேரத்தில் போயிருந்த பயம் இப்போது வேறு இடத்தில் வந்து உட்கார்ந்தது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. வானொலி எல்லாம் சமாதானம் என்றது. ரியாத்தில் பத்தா கடைத்தெருவில் வேலை செய்கிற பழைய நண்பர்கள் கூட ஊர் திரும்ப மூட்டை கட்டுவதாகக் கேள்வி. இருந்தும் இரண்டு வாரம் அவரால் சரியாகத் தூங்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைப்பது பெரிய பாடு. ஏரம்பு வேலை பார்க்கிற இரும்புக்கடையில் போன் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை டெலிபோன் ஆபீசில் காத்துக்கிடந்து பிடித்தார்.

"ஏரம்பு, நான் அத்தான். அக்காவையும் பிள்ளையையும் திருச்சிக்கு அனுப்பு. பஞ்சவர்ணம் மச்சாள் வீட்டில இருக்கட்டும். நீயும் கூடப் போ."

"என்னத்துக்கு? இஞ்ச சந்தியெல்லாம் லைட் எரியுது. றோட்டெல்லாம் துறந்தாச்சு."

"தெரியும். எனக்குப் பயமாக்கிடக்கு."

ஏரம்பு சிரித்தான். கெட்ட சிரிப்பு அல்ல. "சண்டை நடக்கேக்க நிண்ட நாங்கள், சமாதானம் வந்தாப்பிறகு ஓடுறதே? சனம் சிரிக்கும் அத்தான்."

"சிரிக்கட்டும். அக்காவைக் கூட்டிக்கொண்டு வா. அடுத்த வெள்ளி எடுக்கிறன்."

அடுத்த வெள்ளி கமலேஸ்வரி வந்திருந்தாள். எடுத்ததுமே, "இஞ்சருங்கோ, உங்களுக்கு ஏதும் சுகமில்லையே?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்டுமில்லை. நீரும் பிள்ளையும் வெளிக்கிடுங்கோ."

"பள்ளிக்கூடம் துவங்கிட்டுது. வீட்டைப் பூட்டிப்போட்டு எங்க போறது? என்ன நடக்கப்போகுதெண்டு சொல்லுங்கோவன்."

"தெரியாது. பயமாக்கிடக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

லைனில் இரைச்சல். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து லொறியில் ஒளிந்து வந்து இறங்கியபோது கூட அவர், பசிக்குது என்றுதான் சொன்னார்.

"சரி," என்றாள் கமலேஸ்வரி. "தம்பியை?"

"கேட்டுப் பாரும்."

ஏரம்பு வரவில்லை. அக்காவையும் மருமகளையும் கொழும்பில் விமானம் ஏற்றிவிட்டு, அத்தானுக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று சிரித்துக்கொண்டே ஊர் திரும்பினான். அது செப்டெம்பர் நடுப்பகுதி. ஊரில் ஒரு தொல்லையும் இல்லை. திருச்சியிலிருந்து கமலேஸ்வரி பேசும்போதெல்லாம், நான் ஏன் இஞ்ச வந்தனான் என்று கேட்டாள்.  கூட இருந்த ஊர்க்காரர்கள் அவரைக் கண்டால், என்ன அண்ணை, இன்னும் பயம் போகேல்லையோ என்றார்கள்.

ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்தியன் ஆமிக்கும் பெடியளுக்கும் இடையே மறுபடி சண்டை மூண்டது.

ஊரடங்கு, ஷெல்லடி, செத்தவர் தொகை என்று வானொலி சொன்னது. யார் என்று சொல்லவில்லை. இரும்புக்கடைக்கு மணி கூடப் போகவில்லை. அரியரத்தினம் வழக்கம் போல லாஞ்சில் போனார். கண்ணிவெடி எடுக்கிற கப்பல்கள் கடலில் சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது அவருக்குத் தண்ணீரைப் பார்க்கத் தோன்றவில்லை. கரைக்கு வந்ததும் யாராவது தேடினார்களா என்று கேட்பார். தேடவில்லை என்றால் நிம்மதி. போன் மணி அடித்தால் வேறு யாராவது எடுக்கட்டும் என்று நிற்பார்.

நவம்பரில் செய்தி வந்தது. தோஹாவில் நஜ்மா பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற சிவகுருநாதன், கமலேஸ்வரிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. ஊரிலிருந்து தப்பி வந்த ஒருவரிடம் கேட்டதை போனில் சொன்னார். சனத்தோடு சனமாக ஏரம்புவும் கோயிலில் தஞ்சம் இருந்திருக்கிறான். மாட்டை அவிழ்த்துவிட வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. செத்துக் கிடந்தவனை வளவுக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். கமலேஸ்வரியின் வீடும் ஓடு இல்லாமல் கிடக்கிறது.

"கமலேஸ்வரிக்கு நீதான் சொல்லவேணும்," என்றார் சிவகுருநாதன். "நான் சொல்லமாட்டன்."

அன்று ஹால்வர் ஆபீசுக்கு வந்திருந்தார். வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் போகிறார், கணக்கு முடிக்க வந்தார். அரியரத்தினம் சுவரோரம் உட்கார்ந்திருந்ததைக் கண்டு பக்கத்தில் வந்தார். அரியரத்தினம் நடந்ததைச் சொன்னார். நல்ல காலம் உங்கள் மனைவியும் பிள்ளையும் தப்பினார்கள் என்று, கேட்ட எல்லோரும் அதுவரை சொன்னதை அவரும் சொல்வார் என்று எதிர்பார்த்தார். கப்டன் அப்படிச் சொல்லவில்லை.

"அண்ணன் போன செய்தி வந்தபோது உங்கள் தாத்தா என்ன செய்தார்?" என்று அரியரத்தினம் கேட்டார்.

"வலை தைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. ஊர் முழுக்க வந்து, நீ சொன்னது சரியாய்ப் போயிற்று என்று கை கொடுத்தது. யார் கையையும் அவர் பிடிக்கவில்லை. சில நாள் கழித்துப் பாதிரியாரிடம் போய், என் பெயருக்குப் பின்னால் அந்தப் பண்ணையின் பெயரை எழுதுங்கள் என்றார். நீ அங்கே குடியில்லையே, அந்தப் பண்ணையே இல்லையே என்றார் பாதிரியார். அதனால்தான் கேட்கிறேன் என்றார். அப்படித்தான் அது எங்களுக்கு வந்தது." கப்டன் தொப்பியைக் கையில் சுழற்றினார். "சாகும்வரை அவர் மலை தெரிகிற பக்கம் முகம் வைத்துப் படுத்ததில்லை என்று அப்பா சொல்வார். வடக்கே எங்கள் ஊரில் மலையே கிடையாது. சின்னக் குன்றுதான். அவருக்கு அதுவே மலை."

அவர் அரியரத்தினத்தின் தோளில் கை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "அரியரத்தினம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கவனமாக வந்தது.

டெலிபோன் ஆபீஸ் நடந்து போகிற தூரம்தான். அரியரத்தினத்தின் கால்கள் வழியில் இரண்டு தரம் நின்றன. அந்த ஆட்டுக்கு முன்னால் கூட அவர் இப்படிப் பயப்படவில்லை. கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். திருச்சியில் பஞ்சவர்ணம் எடுத்து, கமலேஸ்வரியைக் கூப்பிட்டாள்.

"தம்பியைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதே?" என்றாள் கமலேஸ்வரி, வந்ததும்.

சொன்னார். கோயில், மாடு, வளவு என்று, சிவகுருநாதன் சொன்ன வரிசையிலேயே சொன்னார். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் அழுவாள் என்று காத்திருந்தார். அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் வந்து போனது.

"எனக்குச் சொன்ன மாதிரி அவனுக்கும் சொன்னனீங்களே?" என்று கேட்டாள். "பயமாக்கிடக்கெண்டு?"

"சொன்னனான்."

"என்ன சொன்னவன்?"

"சிரிச்சவன்."

"ஓம். அவன் சிரிப்பான்," என்றாள் கமலேஸ்வரி. பிறகுதான் அழத் தொடங்கினாள். கூண்டுக்கு வெளியே அடுத்த ஆள் கண்ணாடியைத் தட்டினான். அரியரத்தினம் திரும்பிப் பார்க்காமல் காதோடு போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.